நின்ற இடத்தில் இன்னொரு வழி



"ஆங்கிலம் படித்தால் புரிகிறது, பேச வாயெடுத்தால் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுகிறது." ஓரளவு ஆங்கிலம் கற்றவர்கள் பலரும் சொல்லும் குறை இது. அவர்களுக்குச் சொற்கள் தெரியாமலில்லை. நினைத்த வாக்கியம் வராதபோது அதையே வேறு விதமாகச் சொல்லிப் பழகவில்லை, அவ்வளவுதான். ஆகவே, இந்த இதழிலிருந்து வாக்கிய மாற்றப் பயிற்சிக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.

பள்ளியில் ஆக்டிவ் வாய்ஸ், பாசிவ் வாய்ஸ் என்று மதிப்பெண்ணுக்காகச் செய்ததுதானே என்று தள்ளிவிடாதீர்கள். அங்கே சூத்திரத்தை மனப்பாடம் செய்தோம். பொருளைக் கவனிக்க நேரமில்லை. 'ஹீ இஸ் டூ டயர்டு டு வாக்' என்பதை 'ஸோ டயர்டு தட்' என்று மாற்றும்போது 'கேனாட்' சேர்க்க மறந்தால், இலக்கணம் சரியாகவே இருக்கும். நடக்க முடியாதவர் நடந்துவிடுவார்!

கேம்பிரிட்ஜின் 'பி2 ஃபர்ஸ்ட்' தேர்வில் இதற்கென்றே ஒரு பகுதி உண்டு. ஒரு வாக்கியமும் ஒரு சொல்லும் தருவார்கள். அந்தச் சொல்லின் வடிவத்தை மாற்றாமல், அதையும் சேர்த்து 2 முதல் 5 சொற்களுக்குள் இரண்டாவது வாக்கியத்தை நிரப்ப வேண்டும். 'ஐ ஸ்டார்ட்டட் வொர்க்கிங் ஹியர் ஃபைவ் இயர்ஸ் எகோ' என்பதை 'ஃபார்' கொண்டு மாற்றிப் பாருங்கள். நம்மில் பலர் 'ஐ ஆம் வொர்க்கிங்' என்றுதான் தொடங்குவோம். தமிழில் 'ஐந்து வருடமாக வேலை செய்கிறேன்' என்று நிகழ்காலத்தில் சொல்கிறோம் அல்லவா, அந்தப் பழக்கம் அப்படியே வந்துவிடுகிறது. அன்று தொடங்கி இன்றும் தொடர்வதை ஆங்கிலம் 'ஐ ஹேவ் வொர்க்ட் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்றோ, 'ஹேவ் பீன் வொர்க்கிங்' என்றோ சொல்லும். விதியாகப் படித்தபோது நழுவிய இந்த வேறுபாடு, இரண்டு வாக்கியங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதும்போது கண்ணில் படும்.

இப்படி மாற்றி எழுதித் தனியாகவே பழகவும் ஒரு வழி உண்டு. பாஸ்டனில் அண்ணனின் அச்சுக்கூடத்தில் வேலை பார்த்த சிறுவன் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், லண்டன் 'ஸ்பெக்டேட்டர்' இதழின் கட்டுரைகளைப் படித்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சுருக்கமாகக் குறித்துக்கொள்வார். சில நாள் கழித்து, மூலத்தைப் பார்க்காமல் தம் சொற்களில் எழுதி, பிறகு ஒப்பிட்டுத் திருத்துவார். தம் சுயசரிதையில் அவரே இதை எழுதியிருக்கிறார். இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. நீங்களும் இதைச் செய்து பார்க்க, ஆங்கில நாளிதழில் ஒரு பத்தி போதும். ஒரு சொல்லை எடுத்துவிட்டு அதே பொருளில் இன்னொன்றை வைப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அதில் பயன் குறைவு. வாக்கியத்தின் அமைப்பே மாற வேண்டும்.

இந்த இதழுக்கான வாக்கியம்: 'இட் வாஸ் ரெய்னிங், பட் வீ வென்ட் அவுட்.' 'ஆல்தோ', 'இன் ஸ்பைட் ஆஃப்' இரண்டையும் கொண்டு தனித்தனியே மாற்றுங்கள். மூன்றாவதாக, நீங்களே ஒரு வழி கண்டுபிடியுங்கள். மூன்றையும் எழுதி அனுப்புங்கள்; எந்த இடத்தில் தயங்கினீர்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். அடுத்த பயிற்சியை அதை வைத்தே அமைக்கப்போகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்