குழந்தை யாரோடு பேசுகிறது?

பயிற்றுமொழி பற்றிய விவாதம் இந்தியாவில் ஓய்வதே இல்லை. தாய்மொழியா, மாநில மொழியா, ஆங்கிலமா என்ற கேள்வி ஒவ்வொரு கல்விக் கொள்கை வரும்போதும் எழுகிறது. சில மாதங்கள் கொதிக்கிறது. பிறகு பாடநூல் அச்சிடும் பணியாகச் சுருங்கிவிடுகிறது. இவ்விவாதத்தில் ஒரு கேள்வி மட்டும் தொடர்ந்து விடுபட்டுவருகிறது. பள்ளியில் இருக்கும் நேரத்தில் குழந்தை எவ்வளவு பேசுகிறது? யாரோடு பேசுகிறது? அது சொன்னதற்கு எவரேனும் மறுமொழி தருகிறார்களா? பாடநூல் எம்மொழியில் உள்ளது என்பதைவிட இக்கேள்விகளே கற்றலின் வேருக்கு நெருக்கமானவை. சிந்தனை ஒரு தனிமனத்துக்குள் முழுமையாக முளைத்து, பிறகு பேச்சாக வெளிவருகிறது என்பது பரவலான நம்பிக்கை. குழந்தை வளர்ச்சி பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இதற்கு எதிர்த்திசையைச் சுட்டுகின்றன: பிறரோடு பேசியவற்றின் பெரும்பகுதியே பின்னர் சிந்தனையாக உள்ளே செல்கிறது.

இக்கருத்தை வலுவாக முன்வைத்தவர் ருஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி (1896–1934). புள்ளிக்கோலம் இடப் பழகும் சிறுமி, ‘இங்கே ஒன்று, அடுத்தது இங்கே, இதைச் சுற்றி வரணும்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே கோலமிடுவதைப் பலரும் பார்த்திருப்பர். இத்தகைய பேச்சு குழந்தையின் தன்மையச் சிந்தனையின் அடையாளம், வளர வளர அது மறைந்துவிடும் என்று பியாஜே தொடக்கத்தில் விளக்கினார். வைகாட்ஸ்கி அதை மறுத்தார். அப்பேச்சு மறைவதில்லை, ஒலி இழந்து அகப்பேச்சாகிறது என்றார் அவர். நேற்று தாயோ அக்காளோ அருகிருந்து சொன்னதை இன்று சிறுமி தனக்கே சொல்லிக்கொள்கிறாள். நாளை சொல்லாமலே நினைப்பாள். தனியே செய்ய இயலாத ஒன்றைத் தன்னைவிட அறிந்தவரின் துணையோடு செய்ய இயலும் அந்த இடைவெளியை அவர் அண்மை வளர்ச்சி மண்டலம் என்று குறித்தார். 1976-இல் வுட், புரூனர், ராஸ் மூவரும் இத்துணையைக் கட்டடத்துக்குக் கட்டும் சாரத்துக்கு ஒப்பிட்டனர். சாரம் தேவையான இடத்தில் மட்டும் எழும். கட்டடம் தன் காலில் நின்றதும் பிரிக்கப்படும். ஆனால் எங்கே சாரம் தேவை என்று தெரிய, குழந்தை பேச வேண்டும். பெரியவர் அதைக் கேட்க வேண்டும்.

செவியில் மொழி விழுந்தாலே போதாதா என்ற ஐயத்துக்கு 2003-இல் பட்ரீசியா கூல் குழுவினர் வெளியிட்ட சோதனை தெளிவான விடை தருகிறது. ஆங்கிலம் பேசும் அமெரிக்கக் குடும்பங்களின் 9 மாதக் குழந்தைகளோடு, மாண்டரின் சீனம் பேசுவோர் 12 அமர்வுகள் விளையாடிப் பேசினர். அக்குழந்தைகள் சீனத்துக்கே உரிய ஓர் ஒலி வேறுபாட்டைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே பேச்சாளர்கள், அதே உள்ளடக்கம், ஆனால் காணொளியிலும் ஒலிப்பதிவிலும் மட்டும் கேட்ட குழந்தைகளிடம் இக்கற்றல் நிகழவில்லை. ஒலி ஒன்றே, எதிரே மறுமொழி தரும் மனிதர் இல்லை. கொரோனாக் காலத்தில் நீண்ட மாதங்கள் பள்ளிகள் மூடிக்கிடந்தபின் எடுக்கப்பட்ட ‘அசர்’ கிராமப்புற ஆய்வில், இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க இயன்ற மூன்றாம் வகுப்பு மாணவர் விழுக்காடு 27.3-இலிருந்து (2018) 20.5-ஆகக் (2022) குறைந்திருந்தது. இச்சரிவுக்குக் காரணங்கள் பல. பாட மணிநேரங்களோடு பக்கத்து இருக்கைத் தோழியையும் குழந்தைகள் இழந்தனர் என்பது அவற்றுள் அதிகம் பேசப்படாத ஒன்று.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. உரையாடலே கற்றலின் அடிப்படை என்றதும், ‘ஏழைப் பெற்றோர் குழந்தைகளோடு பேசுவதில்லை, அதனால்தான் அவர்கள் பின்தங்குகிறார்கள்’ என்ற முடிவுக்குத் தாவுவோர் உண்டு. 42 அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்து ஹார்ட், ரிஸ்லி இருவரும் 1995-இல் வெளியிட்ட நூல், வறிய வீட்டுக் குழந்தைகள் 3 கோடிச் சொற்கள் குறைவாகக் கேட்கிறார்கள் என்ற புகழ்பெற்ற கணக்குக்கு வித்திட்டது. பெற்றோர் ஒருவர் குழந்தையை நேராக நோக்கிச் சொன்னவையே அக்கணக்கின் மையம். வீட்டில் உள்ள பிறரின் பேச்சையும், குழந்தையின் காதுபட நிகழும் பேச்சையும் சேர்த்து எண்ணினால் படம் மாறுகிறது என்று பின்வந்த ஆய்வாளர்கள் காட்டினர். பாப்புவா நியூகினியின் கலூலி மக்களையும் சமோவா மக்களையும் ஆராய்ந்த ஷீஃபலின், ஆக்ஸ் இருவரும், கைக்குழந்தையைப் பேச்சுத் துணையாக நடத்துவது எல்லாச் சமூகங்களுக்கும் பொதுவானதன்று, ஆயினும் அங்கும் குழந்தைகள் மொழியை நிறைவாகவே பெறுகின்றனர் என்று நிறுவினர். பாட்டி, அத்தை, அண்டை வீட்டார், இடுப்பில் தூக்கித் திரியும் அக்காள் என்று பலர் கூடி வளர்க்கும் இந்தியக் குழந்தையைத் தாய், சேய் என்ற இருவர் சட்டத்துக்குள் அடைத்து அளப்பது முறையாகாது. குறை வீட்டில் உள்ளதா, வீட்டை அறியாத பள்ளியில் உள்ளதா என்பதே கேட்கத்தக்க கேள்வி.

இதற்கு அண்மைச் சான்று 2025-இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்கள் எடை, விலை, மீதிச் சில்லறை ஆகியவற்றை மனக்கணக்காகவே சரியாகச் சொன்னார்கள்; அதே திறனைக் கோரும் கணக்குகளைப் பள்ளி வடிவில் தந்தபோது தடுமாறினார்கள். சந்தை அனுபவமில்லாத பள்ளிக் குழந்தைகளின் நிலை இதற்கு நேர்மாறாக இருந்தது. சந்தை ஓர் ஓயாத உரையாடல். வாங்குபவர் கேட்கிறார், பேரம் பேசுகிறார், கணக்கு பிசகினால் அக்கணமே மறுக்கிறார், சிறுவன் திருத்திக்கொள்கிறான். வகுப்பறையின் உரையாடல் வேறு வகையானது. 1975-இல் சின்கிளேர், கூல்தார்டு இருவரும் விவரித்த மூவசைவு இன்றும் பெரும்பாலான வகுப்புகளில் காணக்கிடைக்கிறது: ஆசிரியர் வினவுகிறார், மாணவர் ஒரு சொல்லில் விடையளிக்கிறார், ஆசிரியர் சரி, தவறு என்கிறார். இந்திய வகுப்பறையில் அந்த ஒரு சொல்லும் பெரும்பாலும் கூட்டுக்குரலில் கரைந்துவிடுகிறது. ஒரு குழந்தை தான் எப்படி எண்ணியது என்று விளக்க அங்கே இடமில்லை.

வீட்டுமொழி வேறாகும்போது அந்த ஒரு சொல்லும் வாயடைத்துப்போகிறது. ஒடிசாவின் தென்பகுதியில் கஜபதி, ராயகடா மாவட்ட மலைகளில் பேசப்படும் சவரா, முண்டா கிளையைச் சேர்ந்த மொழி. அதன் எண்முறை பன்னிரண்டையும் இருபதையும் அடியாகக் கொண்டது. தமிழில் பதின்மூன்று என்பது பத்தும் மூன்றும். சவராவில் பன்னிரண்டும் ஒன்றும். முப்பத்து மூன்றை அம்மொழி இருபது, பன்னிரண்டு, ஒன்று என்று பிரிக்கும். ஆறு வயதுச் சவராக் குழந்தை எண்ணத் தெரியாமல் பள்ளிக்கு வருவதில்லை; ஒரு நேர்த்தியான கூட்டல் முறையைத் தன் மொழிக்குள்ளேயே சுமந்துகொண்டு வருகிறது. பத்தடி எண்முறையை மட்டும் அறிந்த ஆசிரியர், ஒடிய எண்ணுப்பெயர்களைக் கரும்பலகையில் எழுதி ஒப்பிக்கச் சொல்கிறார். குழந்தை மௌனமாகிறது. அம்மௌனம் அறியாமை என்று பதிவாகிறது. ‘உங்கள் வீட்டில் இதை எப்படி எண்ணுவீர்கள்?’ என்ற ஒரே கேள்வி, அவ்வகுப்பை இரண்டு எண்முறைகளை ஒப்பிடும் கணிதப் பாடமாக மாற்றியிருக்கும். அக்கேள்வியைக் கேட்க ஆளில்லை.

ஒடிசா அரசு 2006–07 ஆண்டுகளில் சவரா, குயி, சந்தாலி, போண்டா உள்ளிட்ட 10 பழங்குடி மொழிகளில் பன்மொழிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு முன்பே ஆந்திரம் 8 மொழிகளில் தொடங்கியிருந்தது. இவை துணிவான முயற்சிகள். எனினும் நூலை மொழிபெயர்ப்பதும் வகுப்பின் உரையாடலை மாற்றுவதும் ஒன்றல்ல. சவரா எழுத்துகளைக் கூட்டுக்குரலில் ஒப்பிக்க வைக்கும் வகுப்பு, ஒடியத்தை ஒப்பிக்க வைக்கும் வகுப்பைவிடச் சற்றே மேலானது, அவ்வளவே. இதை உணர்ந்தே அஜித் மொகந்தி, மினதி பண்டா போன்றோர் அத்திட்டத்தோடு இணைந்து நடத்திய பணியில், சமூகத்தின் விளையாட்டு, கதை, சந்தை, தொழில் ஆகியவற்றை வகுப்பின் பேச்சுப்பொருளாக்கினர்.

பெற்றோர் ஆங்கிலத்தை விரும்பும்போது வீட்டுமொழிக்கு இடம் தருவது பிற்போக்கு அல்லவா என்பது நேர்மையான ஆட்சேபம்தான். பழங்குடிப் பெற்றோரின் ஆங்கில விருப்பம் பகற்கனவன்று; வேலைச் சந்தையை அவர்கள் சரியாகவே படித்திருக்கிறார்கள். ஆனால் ஒரு மொழியை அடக்கினால் மற்றொன்று செழிக்கும் என்பதற்குச் சான்று இல்லை. குயியும் ஒடியமும் பேசும் கோண்டுக் குழந்தைகள், ஒடியம் மட்டும் பேசும் கோண்டுக் குழந்தைகளைவிட அறிதிறன் சோதனைகளிலும் மொழியைப் பற்றிச் சிந்திக்கும் திறனிலும் மேம்பட்டிருந்தனர் என்று மொகந்தியின் ஆய்வுகள் காட்டின. பேசத் தெரிந்த மொழியில் சிந்தனையைக் கட்டிய குழந்தை, புதிய மொழிக்குச் சொற்களைத் தேடினால் போதும். மௌனமாக்கப்பட்ட குழந்தை சொல்லையும் சிந்தனையையும் ஒருசேரத் தேட வேண்டும்.

ஒரே வகுப்பில் நான்கு வீட்டுமொழிகள், ஒரே ஆசிரியர் என்றால் என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. நான்கையும் ஆசிரியர் கற்றாக வேண்டும் என்பதில்லை. ஒரே வீட்டுமொழி பேசும் இருவரை இணைத்து உட்கார வைத்து, முதலில் தங்களுக்குள் பேசிவிட்டுப் பிறகு பொதுமொழியில் சொல்ல விடலாம். ஐந்தாம் வகுப்பு மாணவி ஒன்றாம் வகுப்பினருக்குக் கதையை எடுத்துச் சொல்லலாம். பல வகுப்புகள் ஓரறையில் அமரும் சிற்றூர்ப் பள்ளிகளின் குறையாகக் கருதப்படுவது அப்போது வளமாகும். தவறான விடைக்கு ‘தவறு’ என்பதற்குப் பதில் ‘எப்படி அப்படி நினைத்தாய்?’ என்று கேட்கலாம். இவற்றுக்குப் புதிய கட்டடம் வேண்டியதில்லை. பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரம் தளர வேண்டும். கலகலப்பான வகுப்பை ஒழுங்கீனமாகக் காணும் ஆய்வாளரின் பார்வையும் மாற வேண்டும்.

சட்டம் இதற்குத் தடையாக இல்லை. கல்வி உரிமைச் சட்டம் (2009) 29-ஆம் பிரிவு, இயன்றவரை தாய்மொழியில் கற்பித்தலோடு, குழந்தையை அச்சத்திலிருந்து விடுவித்துத் தன் கருத்தைத் தடையின்றிச் சொல்லத் துணைசெய்தலையும் வலியுறுத்துகிறது. முதல் கூறு பற்றி நூறு கருத்தரங்குகள் நடக்கின்றன. இரண்டாவது கூறு படிப்பாரற்றுக் கிடக்கிறது. 2021-இல் தொடங்கிய ‘நிபுண் பாரத்’ திட்டம் மூன்றாம் வகுப்புக் குழந்தை நிமிடத்துக்கு 60 சொற்களாவது பொருளுணர்ந்து படிக்க வேண்டும் என்கிறது. வாய்மொழி வளர்ச்சியும் அதன் இலக்குகளில் உண்டு. ஆனால் நிமிடத்துக்கு எத்தனை சொல் என்பதை நிறுத்துகடிகாரம் கொண்டு அளக்கலாம். ஒரு குழந்தை கேட்ட கேள்வியை அப்படி அளக்க இயலாது. அளக்க எளிதானதே கற்பிக்கப்படும் என்பது நிர்வாகத்தின் பழைய நோய்.

ஆகவே மொழியியல், கல்வியியல் துறைகளுக்கு ஒரு பணி காத்திருக்கிறது. பயிற்றுமொழியை ஆராய்வோர் பாடநூலோடு நின்றுவிடாமல், ஒரு பாடவேளையைப் பதிவுசெய்து எண்ணிப்பார்க்கட்டும்: ஆசிரியர் எத்தனை முறை பேசினார், குழந்தைகள் எத்தனை முறை, அவற்றுள் ஒரு சொல்லுக்கு மேற்பட்டவை எத்தனை, குழந்தையே தொடங்கியவை எத்தனை, வீட்டுமொழியில் எழுந்தவை எத்தனை, எத்தனைக்கு மறுமொழி கிடைத்தது. எந்த ஆய்வு மாணவரும் ஒரு ஒலிப்பதிவுக் கருவியோடும், பள்ளி மற்றும் பெற்றோரின் இசைவோடும் செய்யத்தக்க வேலை இது. அந்த எண்ணிக்கை கையில் இருந்தால், அடுத்த கொள்கை வரைவின்போது ‘எம்மொழியில் கற்பிப்பது’ என்ற கேள்வியோடு ‘அம்மொழியில் குழந்தைக்குப் பேச விடுகிறோமா’ என்ற கேள்வியையும் மேசைமேல் வைக்க இயலும்.