திரைமேல் கல்லெறிந்தவர்கள்



போன மாதம் மாணவர் விடுதி மாடியில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, சாப்ளினின் ‘தி கிட்’ (1921) படத்தைப் போட்டோம். வங்கியில் அன்றைய கணக்கை நேர்செய்துவிட்டு நான் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டு. “ஊமைப்படம்னா தூக்கம் வந்துடுமே தோழர்” என்றார் ஒரு தம்பி. அனாதை விடுதிக்காரர்கள் குழந்தையைப் பிடுங்கி வண்டியில் ஏற்றிப் போக, சாப்ளின் கூரை கூரையாகத் தாவி ஓடுகிற இடத்தில் அதே தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏழைகளின் பிள்ளையை அதிகாரம் எப்படிப் பிடுங்கும் என்று அவருக்கு வசனம் வைத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

படம் முடிந்து பேச்சு ஆரம்பித்தது. ஊமைப்படம் பற்றி நமக்குள் எத்தனை பொய்கள் ஊறிக் கிடக்கின்றன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவற்றைத் தீர்க்கவே இந்தத் தலையங்கம்.

முதலில், ஊமைப்படம் ஊமையாக ஓடவில்லை. திரைக்குப் பக்கத்தில் வாத்தியம் வாசித்தார்கள். நம் ஊர்க் கொட்டகைகளில் கதையைச் சத்தம்போட்டுச் சொல்ல ஆள் இருந்தார். ஜப்பானில் கதை சொல்லும் ‘பென்ஷி’க்காகவே கூட்டம் வந்தது. அடுத்து, அந்தக் காலத்து ஆட்கள் பொம்மை மாதிரி வெடுக் வெடுக்கென்று நடப்பதும் அவர்கள் குற்றமில்லை. கையால் சுற்றி, நொடிக்கு 16, 18 சட்டகம் என்று எடுத்ததைப் பேசும்படக் கருவியில் 24 வேகத்தில் ஓட்டினால் யாராக இருந்தாலும் அப்படித்தான் நடப்பார்கள்.

மூன்றாவது பொய்தான் என்னை உறுத்துகிறது. “திரையில ரயில் வந்ததைப் பாத்து ஜனங்க அலறி ஓடினாங்களாமே!” என்று ஒரு தோழர் சொல்ல, எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

வீட்டுக்குப் போய்ப் புத்தகங்களைப் புரட்டினேன். 1895 டிசம்பர் 28 அன்று பாரீசின் கிராண்ட் கஃபேயில் லூமியேர் சகோதரர்கள் காட்டிய பத்துப் படங்களில் அந்த ரயிலே இல்லை. அங்கே முதலில் ஓடியது, தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர்கள் வெளியே வரும் படம். எடுத்தது அந்தத் தொழிற்சாலையின் முதலாளி. ரயில் படம் பிறகு வந்தது. அதைக் கண்டு கூட்டம் பீதியில் ஓடியதற்கு அன்றைய ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்று ஆய்வாளர்கள் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் கதை சாகவில்லை. ஏன்? திரைக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் தெரியாத ‘பாமரன்’ ஒருவன் அறிவாளிகளுக்குத் தேவைப்படுகிறான். டென்ட் கொட்டகையில் மண்ணைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்த நம் தாத்தா பாட்டிகளைப் பற்றியும் இதே கதையைத்தான் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

திரைக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் வெறிபிடித்த ஒரு கூட்டத்தைப் பற்றி நான் சொல்கிறேன். இடம் திருவனந்தபுரம், கேப்பிடல் தியேட்டர். படம் ‘விகதகுமாரன்’, மலையாளத்தின் முதல் படம். எடுத்தவர் அகஸ்தீஸ்வரத்துக்காரரான ஜே.சி. டேனியல். நாயகி பி.கே. ரோசி, புலையர் சமூகத்துப் பெண், காக்காரிசி நாடகத்தில் ஆடியவர். படத்தில் அவருக்கு நாயர் பெண் வேடம். ஒரு புலைய மகள் நாயர் பெண்ணாகத் திரையில் நிற்பதா என்று ஆதிக்க சாதியார் கொதித்தெழுந்து திரைமேல் கல்லெறிந்தார்கள். வெறும் வெளிச்சத்தின்மேல் கல்! ரோசி ஊரை விட்டே துரத்தப்பட்டார். தமிழ்நாட்டுக்கு வந்து வேறு பெயரில் வாழ்ந்து மறைந்தார். மறுபடி நடிக்கவே இல்லை.

ரயிலைக் கண்டு ஓடியதாகச் சொல்லப்படும் பாமரன் கட்டுக்கதை. கல்லெறிந்த கனவான்கள் வரலாறு. சினிமா வரலாற்றுப் புத்தகங்கள் எதை முதல் பக்கத்தில் வைத்தன, எதை நெடுங்காலம் விட்டுவிட்டன என்று பாருங்கள்.

‘விகதகுமாரன்’ இன்றைக்கு இல்லை. ‘மார்த்தாண்ட வர்மா’ (1933) என்ற ஊமைப்படம் மட்டும் பிழைத்தது. நாவலின் உரிமை கேட்டுப் பதிப்பகத்தார் வழக்குப் போட்டதில் பிரதி அவர்கள் கையில் சிக்கி, 1974இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போனது. சொத்துக்கு வாரிசு இருந்தால் வரலாறும் பிழைக்கிறது. ரோசிக்காக வழக்குப் போட யார் இருந்தார்கள்?

இனி நம் பக்கம் வருகிறேன். கோபப்படாதீர்கள். ரோசியின் பெயரை மீட்டெடுத்தது நல்ல காரியம். ஆனால் நம் சுவரொட்டிகளில் போடும் அந்தப் புகைப்படம் ரோசிதான் என்று உறுதியாகவில்லை. படம் 1928இல் வந்தது என்று நாமும் எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆவணங்களைத் துருவியவர்கள் 1930 என்கிறார்கள். “நமக்குச் சாதகமான தப்புதானே, இருந்துட்டுப் போகட்டும்” என்று சொல்லாதீர்கள். கவுண்ட்டரில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த பாடம் ஒன்று உண்டு. ஒரு எண் தப்பினால் மொத்தக் கணக்கையும் சந்தேகப்படுவார்கள். நம் கணக்கைச் சந்தேகப்படக் காத்திருப்பவர்களுக்கு நாமே ஏன் எண்ணைத் தப்பாகக் கொடுக்க வேண்டும்? முகம் கிடைக்கவில்லை என்றால் முகம் இல்லாமலே சுவரொட்டி ஒட்டுவோம். அந்த வெற்றிடமும் அவர்கள் செய்ததைச் சொல்லும்.

உங்கள் ஊர்க் கொட்டகையில் யார் எங்கே உட்கார வைக்கப்பட்டார்கள், பெஞ்சு டிக்கெட் யாருக்குக் கிடைத்தது, மேளமடித்து நோட்டீஸ் கொடுத்தது யார்? வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்றைக்கே கேளுங்கள். பெயர், ஊர், வருஷத்தோடு எழுதி அனுப்புங்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். வருகிற இதழ்களில் போடுவோம்.

அடுத்த மாதமும் அதே மாடி, அதே வேட்டி. இந்த முறை பறை அடிக்கும் தோழர் ஒருவர் திரைக்குப் பக்கத்தில் உட்காருவார். வாங்க, பார்ப்போம்.