மிளகின் விலையும் கல்லூரிப் படிப்பும்

தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவன் ஒருவன் அயல்நாட்டு வாணிகத்தைப் பற்றியும் நாணய மாற்றைப் பற்றியும் எழுதப் புகுதல் நம் கல்லூரியிற் சிலருக்கு நகை விளைக்கக்கூடும். "நன்னூற் சூத்திரம் ஆயிரம் இருக்க, டாலர்க் கணக்கு உனக்கு எதற்கு?" என்று தோழர் சிலர் வினவவும் செய்தனர். அவர்க்கு விடையாகவே இக்கட்டுரை எழுதப்படுகின்றது. பொருளாதார வகுப்பினர்க்கு மட்டும் உரியதென ஒதுக்கப்பட்டிருக்கும் இப்பாடம் மாணவர் அனைவரும் கற்கத்தக்கது என்பதும், அதனைப் பிறநாட்டுச் சரக்கினின்று தொடங்காது அவரவர் ஊர்ச் சந்தையினின்று தொடங்கித் தமிழிற் கற்பித்தல் வேண்டும் என்பதும் என் கருத்து.

என் ஊர் முள்ளுக்குறிச்சி. அது நாமக்கல் மாவட்டத்திற் கொல்லிமலையின் அடிவாரத்தில் உள்ளது. மலைமேற் செல்லும் சாலைகளுள் ஒன்று எம்மூர் வழியே ஏறுகின்றது. காரவள்ளிச் சாலையின் எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கண்டு வியக்க வருவோர் பலர் எம்மூரை அறியார்; அதுபற்றி எமக்குக் குறையுமில்லை. மலையிலிருந்து மிளகும், காப்பிக் கொட்டையும், பலாவும், அன்னாசியும், வாழைத்தாரும், மரவள்ளிக் கிழங்கும் இறங்குகின்றன. கீழிருந்து உப்பும், துணியும், உர மூட்டையும் ஏறுகின்றன. இவ்வேற்ற இறக்கமே எங்கள் பக்கத்து வாழ்வு.

தமிழ் பயில்வோர்க்குக் கொல்லிமலை புதிதன்று. வல்வில் ஓரி ஆண்ட மலையென்றும், கொல்லிப்பாவை நின்ற மலையென்றும் தேர்வில் நான்கு பக்கம் எழுத நாம் வல்லோம். ஆயின் அம்மலையில் இன்று விளையும் மிளகு கிலோ என்ன விலைக்குப் போகின்றது, அவ்விலையை வகுப்பவர் யாவர், சென்ற மாதம் இருந்த விலை இம்மாதம் இறங்கியது எதனால் என்று ஒருவர் வினவின், நம்முள் வாய்திறப்பார் எத்துணைப் பேர்? சோளக்காட்டுச் சந்தைக்கு மூட்டையுடன் வரும் மலைவாழ் உழவரும் அறியார். அவர் அறியாமைக்குக் காரணம் உண்டு. கற்றோராகிய நமக்கு என்ன காரணம்?

மிளகின் விலை மலையிற் பிறப்பதன்று. இன்று உலகில் மிக்க மிளகு விளைவித்து மிக்க மிளகு ஏற்றுமதி செய்யும் நாடு வியட்நாம். அந்நாட்டு விளைச்சல் மிகுந்தால் எங்கள் பக்கத்து விலை தளர்கின்றது, குறைந்தால் நிமிர்கின்றது. இது முதற் செய்தி. உலக வாணிகத்தில் மிளகின் விலை டாலரிற் பேசப்படுகின்றது. உழவர் கைக்கு வருவதோ ரூபாய். இடையில் நிற்பது நாணய மாற்று வீதம். எடுத்துக்காட்டாக, வெளியுலகில் ஒரு கிலோ மிளகு 6 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டாலர் 80 ரூபாயாயின் அது 480 ரூபாய். 85 ரூபாயாயின் 510 ரூபாய். மழையும் மாறவில்லை, கொடியும் மாறவில்லை, காயின் எடையும் மாறவில்லை. வேறுபாடோ கிலோவுக்கு 30 ரூபாய். இதனைக் கேட்டு, ரூபாயின் மதிப்பு இறங்க இறங்க உழவர்க்கு நன்மையே என்று முடிவு கட்டிவிடலாகாது. பொட்டாசு உரம் ஏறத்தாழ முழுவதும் பிறநாட்டினின்று வருவது. வண்டிக்கு ஊற்றும் டீசலும் பெரும்பாலும் இறக்குமதி எண்ணெயினின்று வடிப்பது. மிளகில் வந்தது உரத்திலும் வண்டிச் சத்தத்திலும் போகும். எவ்வளவு வந்தது, எவ்வளவு போயிற்று என்று கணக்கிட்டுப் பார்ப்பதே கல்வி. பார்க்காமல் மகிழ்வதும் வருந்துவதும் கல்வியல்ல.

இனி, இதனினும் நுட்பமான ஒன்றைக் கூறுவேன். இந்தியாவும் இலங்கையும் 1998-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஒரு தடையில் வாணிக உடன்படிக்கை செய்துகொண்டன. அது 2000-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. இலங்கை மிளகு சுங்கச் சலுகையுடன் இங்கு வர வழி பிறந்தது. இலங்கையின் பெயரைச் சூடிக்கொண்டு வியட்நாம் மிளகே வருகின்றது என்று மிளகு விளைவிப்போர் முறையிட்டனர். 2017-ஆம் ஆண்டு டிசம்பரில் மத்திய அரசு, கிலோவுக்கு 500 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புடைய மிளகு உள்ளே வரலாகாது என்று ஒரு குறைந்த அளவு இறக்குமதி விலையை விதித்தது. உழவர்க்கு ஒரு வேலி கிடைத்தது.

அவ்வேலியின் உயரம் ரூபாயில் அளக்கப்பட்டது என்பதை நண்பர்கள் கருத வேண்டும். விதி பிறந்த நாளில் ஒரு டாலர் ஏறத்தாழ 64 ரூபாய். எனவே 500 ரூபாய் என்பது 7 டாலர் 80 சென்ட். 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் டாலர் 85 ரூபாயைக் கடந்தது. அவ்வீதத்தில் அதே 500 ரூபாய் 5 டாலர் 90 சென்ட்டுக்கும் குறைவு. எவரும் வேலியில் ஒரு கல்லைப் பெயர்க்கவில்லை. 500 ரூபாய் என்னும் வரம்பும் திருத்தப்படவில்லை. எனினும் அயல்நாட்டு வணிகன் பார்வையில் வேலி ஏறத்தாழ 2 டாலர் தாழ்ந்துவிட்டது. 7 டாலர்ச் சரக்கு 2017-இல் வாயிலிலேயே நிற்கும்; 85 ரூபாய் வீதத்தில் தடையின்றி நுழையும். 500 என்னும் எண்ணை மட்டும் கண்டு, காப்பு அப்படியே இருக்கின்றது என்று நம்பும் உழவர்க்கு இதனை எடுத்துச் சொல்வார் வேண்டாவா? ஏறத்தாழ எட்டாம் வகுப்புக் கணக்கே இது. கணக்கு அரிதன்று, அறிக்கை ஆங்கிலத்தில் இருப்பதும், அதனைப் படிக்கக்கூடியவர் தம்முடைய வேலையன்று என்று இருப்பதுமே அரிதாக்குகின்றன.

மரவள்ளியின் கதையும் இவ்வாறே. தென் அமெரிக்காவிற் பிறந்த அக்கிழங்கு கடல் கடந்து வந்தது. இரண்டாம் உலகப் போரில் 1942-ஆம் ஆண்டு மலேயாவும் சிங்கப்பூரும் சப்பானியர் கைப்பட, அப்பக்கத்தினின்று வந்த சவ்வரிசி நின்றது. அக்குறையை நிரப்பச் சேலத்து வணிகர் மரவள்ளி மாவினின்று சவ்வரிசி செய்யத் தொடங்கினர். ஒரு கடற்பாதை அடைபட்டமையால் ஒரு தொழில் பிறந்தது. சேலம், ஆத்தூர், இராசிபுரம் பக்கங்களில் ஆலைகள் பெருகப் பெருக, கொல்லிமலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த கொல்லைகள் பல மரவள்ளிக்கு மாறின. தன் வயலின் உணவை விட்டுப் பிறர் ஆலைக்கு வேண்டுவதை விளைவிக்கும் குடியானவன் அன்றே உலக வாணிகத்துட் புகுந்துவிட்டான். அவனிடம் எவரும் அதனைச் சொல்லவில்லை என்பதே வேறுபாடு.

இவற்றைப் பல்கலைக் கழகங்களில் எவ்வாறு கற்பிக்கின்றனர்? 1817-ஆம் ஆண்டு ரிக்கார்டோ என்னும் பேரறிஞர் எழுதிய நூலில், ஆங்கில நாட்டுத் துணியும் போர்ச்சுகல் நாட்டு மதுவும் மாற்றிக்கொள்ளப்படும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. சிறந்த எடுத்துக்காட்டே, அதனை யான் பழிக்கவில்லை. ஆனால் இருநூறு ஆண்டுக்குப் பின்னும் நம் மாணவர் அத்துணியையும் மதுவையும் விட்டு வெளியேறாமல், படம் வரைந்து, சூத்திரம் எழுதி, மதிப்பெண் பெற்று, ஊருக்குத் திரும்பிச் சந்தையில் மிளகு விற்கும் தந்தைக்கு ஒரு சொல்லும் சொல்ல அறியாது நிற்பதே வருந்தத்தக்கது.

வேறு வழி இந்நாட்டிலேயே காட்டப்பட்டிருக்கின்றது. 1915-ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதற் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் சிலேட்டர், தம் மாணவரைச் சிற்றூர்களுக்கு அனுப்பி, அங்குள்ள நிலம், கடன், பயிர், விலை ஆகியவற்றை ஆராயச் செய்து 1918-ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். தஞ்சையிற் பிறந்த கிறித்தவராகிய ஜே. சி. குமரப்பா, நியூயார்க்கு நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக் கழகத்தில் அரசு நிதி நூல் பயின்ற பின், குசராத்தின் மாதர் வட்டத்து ஊர்களை வீடு வீடாக ஆராய்ந்தார். ஆங்கிலேயர் ஒருவர்க்கும் அமெரிக்காவிற் படித்த ஒருவர்க்கும் நம் சிற்றூர்கள் பாடநூலாகத் தோன்றின. அச்சிற்றூர்களிற் பிறந்த நமக்கோ அவை விடுமுறைக்குச் செல்லும் இடங்களாகவே தோன்றுகின்றன.

தமிழில் இப்பொருளைச் சொல்ல இயலாது என்பார் உளர். இது பெரும் பிழை. அகநானூற்றில், உப்பு விற்கும் உமணர் மகள் நெல்லும் உப்பும் சரிக்குச் சரி என்று கூவுகின்றாள். மாற்று வீதம் என்பது அதுவே. அதே நூலில் யவனர் கலம் பொன்னைக் கொண்டுவந்து மிளகைக் கொண்டு மீளும் செய்தியும் உண்டு. அப்பொன் வடிந்து போவதைக் கண்டு, ஆண்டுதோறும் ஐந்து கோடி செசுடர்சு இந்தியாவுக்குப் போகின்றதே என்று உரோம நாட்டுப் பிளினி மனம் நொந்து எழுதிவைத்தார். இறக்குமதி மிகுந்த நாட்டான் புலம்பும் புலம்பல் அன்றும் இன்றும் ஒன்றே. அவர் நாட்டுக் காசுகள் கொங்கு நாட்டிற் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன.

பழம்பெருமை போதும் என்பார்க்கு அண்மைச் செய்தியும் உண்டு. கும்பினி காலத்துச் சென்னையில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். 1818-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் நிலைநாணயமாக்கப்பட்டபோது 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று வீதம் வகுத்தனர். இக்கணக்கையெல்லாம் நம் முன்னோர் எம்மொழியிற் போட்டனர்? இரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கடை வைத்த நகரத்தார், பல நாட்டு நாணயங்களையும் உண்டியல்களையும் தமிழ்ப் பேரேட்டிலேயே எழுதினர். செலாவணி, உண்டியல், வட்டம், காசுக்கடை என்னும் சொற்கள் இருக்கின்றன; எடுத்து ஆள்வார் இல்லை. மேலும் நாணயம் என்னும் சொல் காசையும் நேர்மையையும் ஒருங்கே குறிப்பது, பிறமொழியார் பொறாமை கொள்ளத்தக்க வளமன்றோ!

மாற்று வீதத்தை வகுப்பது வெறுங் கணக்கன்று. யாருக்கு இழப்பு, யாருக்கு ஆதாயம் என்னும் வழக்கும் அதனுள் இருக்கின்றது. இதற்கு 1927-ஆம் ஆண்டுச் சட்டமே சான்று. இல்ட்டன் யங் ஆணையத்தார் ரூபாய்க்கு 18 பென்ஸ் என்றனர். ஆணையத்தில் இருந்த புருசோத்தமதாசு தாக்கூர்தாசு 16 பென்சே வேண்டும் என்று மாறுபட்டு எழுதினார். இரண்டு பென்சுக்கா இத்தனை பூசல் என்று தோன்றும். ஒரு பவுன் 240 பென்ஸ். 16 பென்ஸ் வீதத்தில், இலண்டனில் ஒரு பவுனுக்கு விற்ற பருத்திக்கு இங்கு 15 ரூபாய் கிடைக்கும். 18 பென்ஸ் வீதத்தில் 13 ரூபாய் 5 அணா 4 பை. தீர்வையும் வட்டியும் மட்டும் ரூபாயில் அப்படியே நின்றன. 18 பென்சே சட்டமாயிற்று. ரூபாயின் சிக்கலை ஆராய்ந்து 1923-ஆம் ஆண்டிலேயே இலண்டனில் நூல் வெளியிட்ட அம்பேத்கர், அவ்வாணையத்தின் முன் சான்றும் அளித்தார். ஒடுக்கப்பட்டோர்க்கு உழைக்கப் புகுந்த ஒருவர் தம் இளமையை நாணய ஆராய்ச்சியிற் செலவிட்டமை தற்செயல் அன்று என்றே யான் எண்ணுகின்றேன். 1966-ஆம் ஆண்டு சூன் 6-ஆம் நாள் டாலர் 4 ரூபாய் 76 காசிலிருந்து 7 ரூபாய் 50 காசாக உயர்த்தப்பட்டது. 1991-ஆம் ஆண்டு சூலை 1, 3 ஆகிய நாட்களில் ரூபாயின் மதிப்பு மீண்டும் இறக்கப்பட்டது. அந்நாட்களில் எத்தனை ஊர்களில் இதனைத் தமிழில் விளக்கிச் சொல்ல ஒருவர் இருந்திருப்பார்?

தமிழும் செலாவணியும் ஓரிடத்திற் பொருந்தா என்னும் தோழர்க்கு ஒருவர் பெயரைச் சொல்லி நிறுத்துகின்றேன். கோவை ஆர். கே. சண்முகஞ் செட்டியார், 1944-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிரெட்டன் உட்சில் உலக நாணய ஒழுங்கை வகுக்கக் கூடிய மாநாட்டிற்கு இந்தியச் சார்பாளருள் ஒருவராகச் சென்றார். பின்னர் விடுதலை இந்தியாவின் முதல் நிதி அமைச்சராயினார். சிலப்பதிகாரப் புகார்க் காண்டத்திற்கு உரை கண்டவரும் அவரே.

ஆகவே நம் கல்லூரித் தமிழ் மன்றத்தார்க்கும் பொருளாதார மன்றத்தார்க்கும் ஒரு வேண்டுகோள். இருவரும் கூடி, வரும் விடுமுறையில் ஒவ்வொரு மாணவரும் தத்தம் ஊர்ச் சரக்கு ஒன்றைத் தெரிந்துகொண்டு, அதன் விலை எங்கே பிறக்கின்றது, எந்தச் சுங்கம் அதனைத் தொடுகின்றது, ரூபாய் அசைந்தால் அது எவ்வளவு அசைகின்றது என்று எளிய தமிழில் நான்கு பக்கம் எழுதி வரச் செய்க. நல்லனவற்றை அச்சிட்டு அவ்வவ் ஊர்ச் சந்தையிலேயே கொடுக்கலாம். மிளகைப் பற்றிய பக்கங்களை யான் எழுதுகின்றேன். அவற்றை அச்சிடுமுன் பொருளாதார வகுப்புத் தோழர் ஒருவர் என் பெருக்கல் வகுத்தலைச் சரிபார்த்துத் தருவாராயின், அவர் தமிழிலுள்ள ஒற்றுப் பிழைகளை யான் திருத்தித் தருவேன்; இம்மாற்றுக்கு வட்டம் பிடிப்பதில்லை.