ஆரம்பாக்கத்துப் பழைய போனும் இணையத்தின் பூட்டும்: குறியாக்க மென்பொருளில் கோளாறு வந்தால் யாருக்கு நஷ்டம்?

ஆந்திர எல்லையை ஒட்டி, கும்மிடிப்பூண்டி வட்டத்தின் வடகோடியில் இருக்கிறது ஆரம்பாக்கம். பழவேற்காடு ஏரியை நம்பிப் பிழைக்கும் இந்தப் பக்கத்து மீனவ கிராமங்களில் வலை, படகுக்கு அடுத்தபடி போனும் இப்போது ஒரு தொழில் கருவிதான். அலை எப்படி இருக்கும் என்று ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் தரும் முன்னறிவிப்பையும் அதில் பார்க்கலாம், இறால், நண்டு விற்ற காசும் யுபிஐ வழியாக அதிலேயே வந்துவிடும்.

ஒரு நாள் காலையில் செயலி திறக்க மறுத்து, 'பாதுகாப்பான இணைப்பு இல்லை' என்று மட்டும் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். டவர் கிடைக்கிறது. ரீசார்ஜும் போட்டாச்சு. அப்படியென்றால் கோளாறு எங்கே? பெரும்பாலும், நாம் பெயரே கேட்டிராத ஒரு குறியாக்க மென்பொருளில்.

பூட்டு எப்படி வேலை செய்கிறது?

போனும் சர்வரும் பேசும்போது இரண்டு விஷயங்கள் நடக்க வேண்டும். பேச்சை இடையில் யாரும் ஒட்டுக்கேட்கக் கூடாது. எதிர்முனையில் இருப்பது உண்மையான சர்வர்தானா என்றும் தெரிய வேண்டும். இந்த இரண்டாவது வேலையைச் செய்வது டிஜிட்டல் சான்றிதழ். நமக்குத் தெரிந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் 'இவரை எனக்குத் தெரியும், நம்பலாம்' என்று சொல்வது மாதிரி. அந்தப் பெரியவர்களின் பட்டியல், அதாவது மூலச் சான்றிதழ்கள், போனுக்குள்ளேயே பதிந்திருக்கும்.

இதற்கான கணக்குகளை எந்த உருவாக்குநரும் தானாக எழுதுவதில்லை, எழுதவும் கூடாது. ஏற்கெனவே எழுதிப் பலரும் சோதித்த திறந்த மூல லைப்ரரியை எடுத்துக்கொள்வார்கள். அதில் பிரபலமானது 1998-இல் தொடங்கிய ஓப்பன்எஸ்எஸ்எல். காசு கிடையாது, நிரலையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

2021 செப்டம்பர் 30: அன்று என்ன நடந்தது?

லெட்ஸ் என்கிரிப்ட் என்பது சான்றிதழ்களை இலவசமாக வழங்கும் லாப நோக்கற்ற அமைப்பு. அதன் சொந்த மூலச் சான்றிதழ் பழைய போன்களில் இல்லை. அதனால் ஐடென்டிரஸ்ட் என்ற வேறொரு நிறுவனத்தின் பழைய மூலச் சான்றிதழைச் சார்ந்தே அது இயங்கி வந்தது. அந்தப் பழைய சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது.

ஆண்ட்ராய்டு 7.1-க்கு முந்தைய போன்கள் எல்லாம் அன்றே நின்றுபோயிருக்க வேண்டும். 2020-இல் லெட்ஸ் என்கிரிப்ட் சொன்ன கணக்குப்படி, புழக்கத்திலிருந்த ஆண்ட்ராய்டு போன்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று இந்த ரகம். புதுப் போன் வாங்க யோசிக்கிற ஊர்களில் இருப்பவையும் இவைதான். ஆனால் ஆண்ட்ராய்டில் ஒரு வினோதம் உண்டு: மூலச் சான்றிதழின் காலாவதித் தேதியை அது பார்ப்பதில்லை. அதைப் பயன்படுத்தி, பழைய கையெழுத்தையே மேலும் மூன்று ஆண்டுகளுக்கு நீட்டித்தார்கள்.

இந்த ஏற்பாடு பழைய போன்களைக் காப்பாற்றியது, ஆனால் இன்னொரு பக்கம் கவிழ்த்துவிட்டது. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2 பதிப்பு, செல்லுபடியாகும் வேறு வழி இருந்தும், காலாவதியான மூலச் சான்றிதழைக் கண்டதும் இணைப்பையே மறுத்தது. அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2019 இறுதியிலேயே முடிந்திருந்தது. ஆனாலும் உலகம் முழுக்க சர்வர்களில் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. காலாவதியான சான்றிதழைச் சர்வரின் பட்டியலிலிருந்து நீக்குவது, இல்லாவிட்டால் புதிய பதிப்புக்கு மாறுவது என்று தீர்வு எளிமையானதுதான். ஆனால் கோளாறு இங்கேதான் என்று கண்டுபிடிப்பதற்குள் பலருக்கும் நாள் போய்விட்டது.

பழைய போன்களுக்கான அந்தச் சலுகையும் 2024 செப்டம்பர் 30 அன்று முடிந்துவிட்டது.

'இப்போதைக்கு அணைச்சு வை'

இப்படிப் பிழைச் செய்தி வரும்போது, நேர நெருக்கடியில் இருக்கும் உருவாக்குநருக்கு ஒரு குறுக்குவழி கண்ணில் படும்: சான்றிதழ் சரிபார்ப்பையே அணைத்துவிடுவது. ஒரே வரிதான், செயலி உடனே ஓடும். 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று வைத்தது அப்படியே மக்கள் கைக்கும் போய்விடும். அதன் பிறகு இடையில் புகுந்த யார் வேண்டுமானாலும் தன்னைச் சர்வர் என்று சொல்லிக்கொள்ளலாம். வானிலைச் செயலி என்றால் பொய்யான முன்னறிவிப்பு வரலாம், பணம் சம்பந்தப்பட்டது என்றால் சொல்லவே வேண்டாம்.

பிழைச் செய்தியை மட்டும் மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு டெபியன் லினக்ஸ் கதை போதும். 2006-இல், ஒரு சோதனைக் கருவி எச்சரிக்கை காட்டியது என்பதற்காக, ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் சில வரிகளை டெபியன் தரப்பு நீக்கியது. எச்சரிக்கை மறைந்தது. ஆனால் சாவிகளை யூகிக்க முடியாதபடி ஆக்கும் வேலையைச் செய்தவையே அந்த வரிகள். 2008 மே மாதம் உண்மை வெளிவந்தபோது, ஒவ்வொரு வகையிலும் அந்தக் கணினிகள் உருவாக்கக்கூடிய சாவிகள் வெறும் 32,767 என்று தெரிந்தது. ஒரு சாதாரண கணினி அத்தனையையும் போட்டுப் பார்த்துவிடும்! கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை, எச்சரிக்கையை நிறுத்தத்தான் நினைத்தார்கள்.

இலவசப் பூட்டுக்கு யார் காசு கொடுப்பது?

2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிப்பட்டது. சர்வரின் நினைவகத்திலிருந்து கடவுச்சொற்களையும் சாவிகளையும்கூட உருவ முடிந்த அந்தப் பிழை, இரண்டு ஆண்டுகளாக ஓப்பன்எஸ்எஸ்எல்லில் இருந்தது. உலகமே நம்பியிருந்த அந்தத் திட்டத்துக்கு அதுவரை ஆண்டுக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். முழு நேரமாக வேலை பார்த்தவர் ஒரே ஒருவர். அதன் பிறகுதான் பெரிய நிறுவனங்கள் பணம் போட முன்வந்தன.

பாடம் முழுசாகப் படியவில்லை போலும். 2024 மார்ச் 29 அன்று, எக்ஸ்இசட் என்ற சுருக்க லைப்ரரியில் திட்டமிட்டு வைக்கப்பட்ட பின்கதவு பிடிபட்டது. தனியாளாகப் பராமரித்துக் களைத்துப்போயிருந்தவரிடம் உதவி செய்வதாக நெருங்கி, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நம்பிக்கை சம்பாதித்த ஒருவரின் வேலை அது. சர்வர் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரஸ் ஃபிராயண்ட் என்ற பொறியாளர் துருவிப் பார்த்ததால்தான் தப்பித்தோம்.

இந்தியாவில் ஜெரோதா நிறுவனம் 2024 அக்டோபரில், உலகெங்கும் உள்ள திறந்த மூலத் திட்டங்களுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் தரும் நிதியைத் தொடங்கியது. நல்ல விஷயம். ஆனால் டிஜிட்டல் பரிவர்த்தனையில் சாதனை என்று மார்தட்டும் நாட்டில் இதுபோல இன்னும் பத்து பேராவது வந்திருக்க வேண்டாமா?

அடுத்து என்ன?

சான்றிதழ்களின் ஆயுள் சுருங்கிக்கொண்டே போகிறது. முன்பு 398 நாள் வரை அனுமதி. 2026 மார்ச் 15 முதல் 200 நாள், அடுத்த ஆண்டு அதே தேதியில் 100 நாள், 2029-இல் வெறும் 47 நாள். இன்னொரு பக்கம், குவாண்டம் கணினிகளைத் தாங்கும் புதிய முறைகளுடன் ஓப்பன்எஸ்எஸ்எல் 3.5 பதிப்பு 2025 ஏப்ரலில் வந்துவிட்டது. ஒரு மென்பொருளுக்குள் என்னென்ன லைப்ரரிகள் இருக்கின்றன என்று பட்டியல் வைத்திருக்கச் சொல்லி, மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பும் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது.

பெரிய வங்கிகள் ஆள் வைத்துச் சமாளித்துக்கொள்ளும். ஒரே ஒரு முறை டெண்டர் விட்டு, திறப்பு விழா நடத்தி, ஒப்பந்ததாரர் போன பிறகு கவனிப்பாரின்றிக் கிடக்கும் சின்னச் செயலிகள்தான் முதலில் விழும். சான்றிதழைத் தானாகப் புதுப்பிக்கும் வசதியும், லைப்ரரிகளை மேம்படுத்த வேண்டிய பொறுப்பும் ஒப்பந்தத்திலேயே இல்லை என்றால், 2029-க்குப் பிறகு ஆண்டுக்கு ஏழெட்டு முறை யாராவது கையால் செய்தாக வேண்டும்.

போன் வைத்திருப்பவர் செய்யக்கூடியது கொஞ்சம்தான். இணைப்பு எச்சரிக்கை வந்தால் முதலில் போனில் தேதி, நேரம் சரியா என்று பாருங்கள். பேட்டரி தீர்ந்து தேதி பின்னால் போயிருந்தால்கூட இதே செய்திதான் வரும். பழைய ஆண்ட்ராய்டில் இணையதளம் திறக்கவில்லை என்றால், தன் சொந்தச் சான்றிதழ்ப் பட்டியலை வைத்திருக்கும் ஃபயர்பாக்ஸ் உலாவி சில சமயம் கைகொடுக்கும். எச்சரிக்கையைத் தாண்டி 'தொடரவும்' என்று அழுத்திப் பணம் மட்டும் அனுப்பாதீர்கள்.