பெண் குழந்தைக்குப் புராணப் பெயர்

கிரேக்க புராணத்திலிருந்து பெண் மகவுக்குப் பெயர் தேடும் வழக்கம் மேல்நாடுகளில் பரவியிருக்கிறது. ஓசையின் இனிமையே அங்கே பிரதான காரணம் போலும். கிரேக்கருக்கோ இப்பெயர்கள் அவ்வளவு சுலபமாய்க் கிடைத்தவையல்ல.

துருக்கி சுல்தானின் ஆட்சியில் கிரேக்கர் தம் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் கிறிஸ்தவ அடியார்களின் பெயர்களையே இட்டு வந்தனர். முன்னோர் நூல்களைக் கற்ற தேசாபிமானிகள் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பழம்பெயர்களை இடத் தலைப்பட்டனர். 1819-இல், கான்ஸ்டாண்டிநோபிளின் தலைமைக் குருவான ஐந்தாம் கிரெகோரி, இது கிறிஸ்தவப் பெயர்களுக்கு அவமதிப்பாகும் என்று சுற்று நிருபம் விடுத்தார். வைதிகருக்கு ஒரு சிசுவின் பெயர்கூட அச்சமூட்டுகிறது! 1821-இல் சுதந்திர யுத்தம் மூண்டது. புரட்சிக்காரரை மதபகிஷ்காரம் செய்த அந்தக் குருவையே சுல்தான் தூக்கிலிடுவித்தான். பழம்பெயர்கள் நிலைத்துவிட்டன, அதீனாவும் கலியோப்பியும் இன்று கிரீஸில் சர்வசாதாரணம்.

பெற்றோர் செய்தது நியாயமென்பதே நமது அபிப்பிராயம். அடிமைப்பட்ட ஜனங்கள் தம் பூர்விகப் பெயரைத் தம் மகளுக்கு இடுவதற்கு எவருடைய அனுமதி வேண்டும்? எனினும் கதையறியாமல் பெயரிடலாகாது. பண்டோரா எல்லாக் கொடைகளும் பெற்றவள். உலகில் துன்பங்களைத் திறந்துவிட்டவளும் அவளே. பெனலோப்பி, பகலில் நெய்ததை இரவில் பிரித்து, மணக்க வந்த பிரபுக்களை ஏமாற்றி, கணவனுக்காக 20 வருஷம் காத்திருந்தவள். ஆண்டிகோனியோ அரசன் ஆணையை மீறிச் சகோதரனுக்கு ஈமக்கடன் செய்து, அதற்காக உயிர் துறந்தவள்.

நம்மைக் கேட்டால் ஆண்டிகோனி என்போம். துர்மரணமடைந்தவள் பெயரென்று பாட்டிமார் ஆட்சேபிக்கக்கூடும்.