அணில் குட்டி விழுந்தால்



ஆடிக் காற்று பலமாக அடித்தால் தென்னை மட்டையோடு அணில் கூடும் கீழே வந்துவிடும். காற்றே வேண்டாம், ஏ.சி.யைப் பழுதுபார்க்க வருபவர் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டால் தேங்காய் நாரும் பஞ்சுமாக ஒரு கூடு கையோடு வரும். உள்ளே கண் திறக்காத, மயிர் முளைக்காத 2 அல்லது 3 குட்டிகள். நாம் பதறிப்போய் அடுப்படிக்கு ஓடிப் பாலை எடுத்து வருகிறோம். பல குட்டிகளை அந்தப் பால்தான் கொல்கிறது என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

குளிர்ந்து கிடக்கும் குட்டிக்கு எதுவும் செரிக்காது. முதல் தேவை சூடு. பாட்டிலில் வெந்நீர் நிரப்பித் துணி சுற்றி, அட்டைப்பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். உடம்பு கதகதப்பானதும், காயம் இல்லையென்றால், பெட்டியை விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே பூனைக்கு எட்டாதபடி கட்டிவிட்டுத் தள்ளிப் போய்விடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு. தாய் அணில் உயிரோடு இருந்தால் பெரும்பாலும் வந்து, ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு போய்விடும். பூனை கவ்விய குட்டியாக இருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். பல் பட்டது கண்ணுக்கே தெரியாது. ஆனால் எச்சிலில் உள்ள கிருமி போதும். அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

இருட்டும்வரை தாய் வராவிட்டால் விலங்கு மீட்பு அமைப்பிடம் ஒப்படைப்பதே உத்தமம். அதுவரை நீங்களே பார்த்துக்கொள்ள நேர்ந்தால் பசும்பால் வேண்டாம், கழிச்சலாகும். பூனைக்குட்டிகளுக்கான பால்மாவு கடையில் கிடைக்கும். குட்டியைக் குப்புற வைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாகக் கொடுங்கள். மல்லாத்திப் புகட்டினால் நுரையீரலுக்குப் போய்விடும். கொடுத்த பிறகு ஈரப் பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெல்லத் தடவினால்தான் சிறுநீர் கழிக்கும். தாய் நக்கிக்கொடுத்துச் செய்கிற வேலை இது. பலரும் மறப்பதும் இதைத்தான்.

சுமார் 3 வாரத்தில் கண் திறந்து, தோளில் ஏறி விளையாடும்போது நமக்கு ஆசை வந்துவிடுகிறது. சட்டைப் பையில் அணிலை வைத்து எடுக்கும் வீடியோக்களை என்னால் ரசிக்க முடியவில்லை. மனிதருக்கும் பூனைக்கும் பயப்படாத அணில் வெளியே பிழைக்காது. பால் மறந்து, தானாகக் கொறிக்கத் தொடங்கியதும் கொஞ்சுவதை நிறுத்திவிட வேண்டும். பிறகு அதை ஒரு கூண்டில் வைத்து மரத்தடிக்குக் கொண்டுபோய், சில நாள் பழகவிட்டுக் கதவைத் திறந்து வையுங்கள். இரவில் திரும்பி வந்தாலும் வரும். உணவு வைத்தால் போதும், கையில் எடுக்காதீர்கள்.

அடுத்த முறை மட்டை கழிக்க ஆள் கூப்பிடும்போது, அரிவாள் போடுமுன் கூடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்