கண்ணாடி இல்லாத காமிரா

நம் சங்கத்துக்கென்று ஒரு காமிரா வாங்குவதா வேண்டாமா என்னும் வினா, சென்ற நிர்வாகக் குழுக் கூட்டத்தில் எழுந்ததை அன்பர்கள் அறிவர். "ஆளுக்கொரு கைபேசி இருக்கையில் காமிரா எதற்கு?" என்று ஒரு சாராரும், "சென்ற பொங்கல் விழாப் படங்களைப் பார்த்த பின்னுமா இப்படிக் கேட்கிறீர்கள்?" என்று மற்றொரு சாராரும் வாதிட்டனர். முடிவு எட்டப்படவில்லை. சந்தாப் பணம் செலவாகும் காரியமாகையால், யாரேனும் நேரில் போய்ப் பார்த்துவந்து சொல்லட்டும் என்று தள்ளிவைத்தனர். அந்தப் பொறுப்பு, மாதந்தோறும் இப்பக்கத்தை நிரப்பிவரும் அடியேன் தலையில் வந்து விழுந்தது.

மும்பைக் கோட்டைப் பகுதியில் காமிரா வணிகம் செய்யும் ஒருவர், ஞாயிற்றுக்கிழமையொன்றில் தாதரில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் புதிய காமிராக்களை மேசைகளில் பரப்பி வைத்திருந்தார். யார் வேண்டுமாயினும் கையில் எடுத்துப் படம் பிடித்துப் பார்க்கலாம், கட்டணம் இல்லை, நம்முடைய நினைவட்டையைக் கொண்டுபோனால் எடுத்த படங்களை வீட்டுக்கும் கொண்டுவரலாம். துணைக்கு அண்ணாச்சியை அழைத்துச் சென்றேன்.

அண்ணாச்சியை அறியாதவர் நம் சங்கத்தில் இல்லை. பரேல் பக்கத்து நூற்பாலையில் வேலை பார்த்தவர். 1982 ஜனவரி 18-ஆம் நாள் தொடங்கிய ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் ஓர் ஆண்டுக்கு மேல் நீண்டு, ஏறக்குறைய இரண்டரை இலட்சம் குடும்பங்களின் அடுப்பை அணைத்ததே, அந்தக் குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று. ஆலை திரும்பத் திறக்கவில்லை. அதன்பின் பழைய காமிரா ஒன்றை வாங்கிக் கல்யாண வீடுகளில் படம் எடுத்துப் பிழைத்தார். தாராவி, மாட்டுங்கா, சயான் வட்டாரத்தில் அக்காலத்தில் நடந்த திருமணங்களில் பல அவருடைய ஆல்பங்களில் இருக்கின்றன. இப்பொழுது கை சற்று நடுங்குகிறது, கண்ணில் வெள்ளெழுத்து. ஆயினும் படத்தைப் பற்றி ஒரு சொல் சொன்னால் அது தப்பாது. தம் பழைய நிக்கான் எப்.எம்.2 காமிராவின் 50 மில்லிமீட்டர் லென்ஸை மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். எதற்கு என்று கேட்டேன். "சும்மா இருக்கட்டும் தம்பி" என்றார்.

இக்காலக் காமிராக்களை 'மிரர்லெஸ்' என்கிறார்கள்; கண்ணாடி இல்லாதது என்று பொருள். நம் குழு உறுப்பினர் ஒருவர், "கண்ணாடியே இல்லாமல் எப்படிப் படம் விழும்?" என்று கேட்டார். லென்ஸும் கண்ணாடி, முகம் பார்ப்பதும் கண்ணாடி, மூக்கின்மேல் மாட்டுவதும் கண்ணாடி என்று நம் மொழியில் இருப்பதால் வந்த குழப்பம் இது. இங்கே இல்லாமற்போனது முகம் பார்க்கும் வகைக் கண்ணாடி. பழைய காமிராவில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு சிறு கண்ணாடி 45 பாகைச் சாய்வில் நிற்கும். வரும் ஒளியை அது மேலே திருப்பி, ஐங்கோணப் பட்டகம் ஒன்றின் வழியாக நம் கண்ணுக்கு அனுப்பும். பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி 'டப்' என்று மேலே எழும். ஒளி பின்னாலிருக்கும் பிலிமில் விழும். கண்ணாடி எழும்பிய அக்கணத்தில் பார்ப்பவனுக்கு இருட்டு. ஆகவே, தான் எடுத்த கணத்தை மட்டும் எடுத்தவன் ஒருபோதும் காண்பதில்லை. மாங்கல்யம் பூட்டும் வேளையை ஆயிரம் முறை எடுத்த அண்ணாச்சி, அந்த ஆயிரத்தையும் பிரிண்டு போட்ட பிறகே பார்த்திருக்கிறார்.

புதிய வகையில் அந்தக் கண்ணாடியும் இல்லை, பட்டகமும் இல்லை. ஒளி நேரே சென்சாரில் விழுகிறது. அது கண்டதை, கண் வைக்கும் துளைக்குள் இருக்கும் சிறு திரை நமக்குக் காட்டுகிறது. 2008-ஆம் ஆண்டு பானசோனிக் நிறுவனத்தின் ஜி1 என்னும் காமிராவோடு இவ்வழி பரவத் தொடங்கியது. 2018-இல் நிக்கானும் கேனானும் முழுச்சட்ட அளவிலேயே இத்தகைய காமிராக்களைக் கொண்டுவந்தன. கண்ணாடிக்கென்று விட்டிருந்த இடம் மிச்சமானதால் உடல் மெலிந்தது. நிக்கானின் பழைய அமைப்பில் லென்ஸின் விளிம்புக்கும் பிலிமுக்கும் இடையே 46.5 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தது. புதிய 'இசட்' அமைப்பில் 16 மில்லிமீட்டர்தான்.

நாங்கள் நெடுநேரம் வைத்திருந்து பார்த்தது, 2024 நவம்பரில் வெளியான நிக்கான் இசட்50 இரண்டாம் பதிப்பு. மின்கலமும் நினைவட்டையும் சேர்த்து அரைக் கிலோவுக்குச் சற்றே மேல். மண்டபத்தின் ஒரு மூலையில் பொம்மை ரயில் ஒன்றை வட்டப் பாதையில் ஓடவிட்டிருந்தனர். இக்காமிரா மனிதர், நாய், பூனை, பறவை, கார், மோட்டார் சைக்கிள், சைக்கிள், விமானம், ரயில் ஆகியவற்றைத் தானே இனங்கண்டு பின்தொடருமாம். எஞ்சின் வளைவில் திரும்பியதும் திரையில் ஒரு சிறு கட்டம் அதன் முகத்தைப் பற்றிக்கொண்டு, சுற்றி வரும்வரை விடவில்லை. ரயில்வேயில் சம்பளம் வாங்குபவன் என்ற முறையில் எனக்கு இதில் தனி மகிழ்ச்சி. ஆனால் சங்கத்துக்கு இதனால் ஆவது ஒன்றுமில்லை.

கூட்டமெல்லாம் மறு மூலையில் இருந்தது. ஒப்பனை செய்த இளம்பெண் ஒருத்தியை மெல்லிய விளக்குகளின் நடுவே உட்காரவைத்திருந்தனர். அங்கே எடுத்தவர்களுக்கெல்லாம் படம் நன்றாக வந்தது. அப்படிப்பட்ட ஒளியில் எந்தக் காமிராவும் நன்றாகத்தான் எடுக்கும். நம் வீடுகளில் ஏது அத்தகைய ஒளி? பத்துக்குப் பத்து அறை, ஒரு டியூப் லைட், பின்னால் சுண்ணாம்புச் சுவர், முன்னால் வெள்ளை வேட்டி கட்டிய கறுத்த மனிதர். இதுதான் நாம் எடுக்கவேண்டிய படம். எனவே அண்ணாச்சியை வெளி நடைக்கு அழைத்துச் சென்று, வெள்ளைச் சுவரோரமாகக் குழல்விளக்கின் கீழ் நிற்கவைத்தேன்.

காமிராவின் ஒளியளவிக்கு ஒரு குணம் உண்டு. எதைக் கண்டாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறமாக இருக்கவேண்டும் என்று எண்ணிக்கொள்ளும். வெள்ளைச் சுவர் மிகுதியாகத் தெரிந்தால், வெளிச்சம் கூடிவிட்டது என்று கருதி ஒளியைக் குறைத்துவிடும். சுவர் சாம்பலாகும், அதன்முன் நிற்பவர் முகம் கரியாகும். பிலிம் காலத்தில் இதைக் கணக்கிட்டுத் திருத்தப் பல ஆண்டுப் பழக்கம் வேண்டும். இங்கேயோ கண் வைத்த உடனேயே அண்ணாச்சியின் முகம் இருண்டு தெரிந்தது. பொத்தானை அழுத்தித் திருகைச் சுழற்றினேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முகத்தில் வெளிச்சம் ஏறியது. நெற்றிச் சுருக்கமும், திருநீற்றுக் கீற்றும், கன்னத்துத் தழும்பும் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. சுவர் சற்று வெளுத்துப் போயிற்று. போகட்டும், சுவரையா படம் எடுக்கிறோம்? எப்படி விழப்போகிறது என்பது எடுக்குமுன்பே கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணாடியை எடுத்துவிட்டதால் நமக்குக் கிடைத்த பெரும்பேறு இதுவே என்பது என் கருத்து. மற்றவை எல்லாம் விளம்பரத்துக்கு உதவுபவை.

அதே இடத்தில் என் கைபேசியாலும் ஒரு படம் எடுத்தேன். அழகுபடுத்தும் ஏற்பாடு அதில் வாங்கிய நாள் முதலே திறந்து கிடந்திருக்கிறது. தழும்பு மறைந்து, நிறமும் இரண்டு படி வெளுத்து, அண்ணாச்சி யாரோ ஒரு மிட்டாய்க் கடை முதலாளிபோல் இருந்தார்.

காமிராவில் எடுத்ததை அவரிடம் காட்டினேன். பின்பக்கத் திரையில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். கண் வைக்கும் துளையின் பக்கத்தில் பார்வைக்கேற்பச் சரிசெய்யும் சிறு திருகு உண்டு. அதைத் திருப்பிக் கொடுத்ததும், உள்ளே தெரியும் படத்தை அவரால் தெளிவாகக் காண முடிந்தது. எடுத்த படத்தையும் அத்துளைக்குள்ளேயே பார்க்கலாம் என்பது, வெள்ளெழுத்து வந்தவர்களுக்குச் சிறு உதவியன்று. நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு, "தம்பி, இதுல என் மூஞ்சி என் மூஞ்சியாவே இருக்கு" என்றார். சற்றுப் பொறுத்து, "எத்தனை கல்யாணத்துல பொண்ணைச் சிவப்பாக் காட்டு, சிவப்பாக் காட்டுன்னு சொல்லி, பிளாஷை அள்ளிப் போட்டு வெளுத்துக் கொடுத்திருக்கேன். அதுக பேரன் பேத்தி எடுத்தப்புறம் ஆல்பத்தைப் புரட்டினா, அது யாருன்னு அதுகளுக்கே தெரியாது" என்றார்.

மஞ்சள் பை அதன்பிறகுதான் திறந்தது. பழைய லென்ஸைப் புதிய உடலில் பொருத்த இடையே ஒரு வளையம் வைக்கிறார்கள், பழைய 46.5 மில்லிமீட்டர் தூரம் அமைவதற்குக் குறைகிற இடைவெளியை அது ஈடுசெய்கிறது. தானாகக் குவியம் பிடிக்காது, கையால்தான் திருகவேண்டும். ஆனால் தெளிவாக விழும் விளிம்புகளைத் திரை வண்ணமிட்டுக் காட்டுவதால் அண்ணாச்சி இடர்ப்படவில்லை. அவ்வழியே போன தேநீர்ப் பையனை நிறுத்தி ஒரு படம் எடுத்தார். கை நடுக்கத்தைக் கருதி ஷட்டர் வேகத்தை நானே கூட்டி வைத்திருந்தேன். படம் கூராக வந்தது.

குறைகளையும் சொல்லிவிடவேண்டும். உள்ளே திரை எந்நேரமும் எரிவதால் மின்கலம் விரைவில் தீரும். விழா நாளில் இரண்டு மின்கலமாவது வேண்டும். எப்.எம்.2-வின் ஷட்டர் முழுதும் இயந்திரமாகையால், மின்கலம் தீர்ந்தாலும் ஓடும். ஒளியளவி மட்டுமே நிற்கும். இதுவோ மின்கலம் தீர்ந்தால் "வெறும் செங்கல்" என்பது அண்ணாச்சியின் தீர்ப்பு. சென்சாரையே அசைத்து நடுக்கம் தடுக்கும் ஏற்பாடு இம்மாதிரியில் இல்லை. உடன்வரும் 16-50 லென்ஸில்தான் உண்டு. குழல்விளக்கில் எடுப்போர்க்கு இன்னொரு குறிப்பு. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. விளக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை வினாடியில் 50-இல் அல்லது 100-இல் ஒரு பங்காக வைத்துக்கொண்டால் படத்தில் பட்டை பட்டையாக நிழல் விழாது.

இனி விலை. லென்ஸோடு வாங்கினால் என் போன்ற எழுத்தன் ஒருவனின் ஒரு மாதச் சம்பளம் கரைந்துவிடும். ஆகவே வீட்டுக்கு ஒன்று வாங்குங்கள் என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளைகளின் பிறந்தநாளுக்குக் கைபேசியே போதும், அழகுபடுத்தும் ஏற்பாட்டை மூடிவிட்டால். சங்கத்துக்கு ஒன்று வாங்கலாம். ஆனால் மேடையில் மாலை போடுவதை எடுப்பதற்கு மட்டும் என்றால் வேண்டாம். அதற்கு அவ்வளவு பணம் தகாது. நம் சங்கத்தில் எழுபது வயது கடந்த உறுப்பினர் பலரின் வீட்டுச் சுவரில், அடையாள அட்டைக்கு எடுத்ததைத் தவிர வேறு படம் இல்லை. ஊரிலிருந்து வந்த தலைமுறை அவர்களே. ஞாயிறுதோறும் இரண்டு வீடு என்று போய், அவரவர் அறையில், அவரவர் நிறத்தில் எடுத்து, பிரிண்டு போட்டுக் கையில் கொடுப்பதானால் என் வாக்கு காமிராவுக்கே. சொல்லிக்கொடுக்க அண்ணாச்சி இசைந்துள்ளார். பொத்தானை அழுத்த இளைஞர் நால்வர் தேவை.

அடுத்த கூட்டத்தில் இதை முன்மொழிய இருக்கிறேன். மறுக்க விரும்பும் அன்பர்களும் தவறாது வரவேண்டும். அண்ணாச்சியின் படத்தைப் பெரிதாகப் பிரிண்டு போட்டுச் சங்க நூலகத்து மேசையில் வைத்துள்ளேன். பார்த்துவிட்டு வந்து வாதிடலாம்.